தட்டிப் பார்த்தவர்கள்

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஆனால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரைப் பார்த்து, புத்தியுள்ள எந்தப் பெண் பயப்படுவாள்?

அவளும் பயப்படவில்லை. கொஞ்சம் திகைத்தாள், அவ்வளவுதான். முன்பின் தெரியாத தெருவில், முன்பின் தெரியாத வீட்டு வாசலில், அழைப்பு மணியை அழுத்த அவள் விரலை நீட்டும்போதே கதவு திறந்துகொண்டது. தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மாள் கையில் தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் மூன்று டம்ளர்கள். இரண்டு பெரியவை, ஒன்று சின்னது.

"வாங்கம்மா. அலைஞ்சு களைச்சுப்போய் வந்திருக்கீங்க. சின்னது பாப்பாவுக்கு. தொண்டைக்கு ஆகாதேன்னு வெதுவெதுன்னு வச்சிருக்கேன்," என்றாள் கண்ணாடி அம்மாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு 'க்கும், க்கும்' என்று வறட்டு இருமல் இருமினாள்.

மகளுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாதுதான். குடித்தால் விடிவதற்குள் தொண்டை வீங்கிவிடும். ஆனால் அது இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் டம்ளரை வாங்கி மடக் மடக்கென்று குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு எல்லாரும் அப்படித்தான் கொடுப்பாங்க. உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்," என்றான் கணவன், தெருவுக்கு வந்ததும். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்க அரைகுறை ஓட்டுநர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, உலகத்தில் எதற்கும் பதறுவதில்லை என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

வீடு பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்பது அவளுடைய வழக்கம். வீட்டைப் பற்றித் தரகர் சொல்வார். அக்கம்பக்கத்தைப் பற்றித் தண்ணீர்தான் சொல்லும் என்பாள். முதலில் பார்த்த காலனியில் ஒரு மனிதர் ஜன்னல் கம்பி வழியாக ஒரு பாட்டிலை நீட்டிவிட்டு, அவர்கள் குடித்து முடிப்பதற்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கொசுவும் மொய்த்தது. அதற்குக் 'கொசுக் காலனி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது காலனிக்குப் பின்னால் தண்டவாளம். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். அங்கே ஒரு பெண் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, தன் மாப்பிள்ளையைக் கிழி கிழியென்று கிழித்துத் தொங்கவிட்டாள். எழுந்து வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அது 'ரயில் காலனி'.

மூன்றாவதுக்கு அன்றுதான் பெயர் வைத்தார்கள். ஊமைக் காலனி.

பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. தெருவில் ஈ காக்கா இல்லை. ஒரே உயரத்துக்கு வெட்டிய செடிகள், கழுவி விட்டதுபோல் சாலை, எல்லாத் தெருவிலும், நாள்பட்ட அலமாரியைத் திறந்தால் வருமே, அந்தப் பாச்சை உருண்டை வாசமும் வலித் தைலத்தின் காரமும் கலந்த ஒரு மணம். ஒவ்வொரு வீட்டு முன்ஜன்னலிலும் யாரோ ஒருவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். திரும்பவில்லை, அசையவில்லை. ஆனால் அவர்களைத் தாண்டி வந்தபிறகு அவளுடைய பிடரி குறுகுறுத்தது.

கண்ணாடி அம்மாள், பக்கத்து வீட்டைக் காட்ட வந்திருந்த தரகருக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினாள். "வேணாம்மா, வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்," என்று அவர் அவசரமாக நகர்ந்தார். அவருடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது. பார்க்க வந்த வீட்டுக்குள்ளும் அவர் வரவில்லை. சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

வீடு அருமையான வீடு. அதை இல்லையென்று சொன்னால் வாய் அழுகிவிடும். அவள் வேலை பார்ப்பது பெயின்ட் கடையில். ஒழுகுகிற கூரை, பொரிந்த சுவர், பூஞ்சை பிடித்த மூலை என்று தினமும் ஊரார் புலம்பலைக் கேட்டுக் கேட்டு, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நடுவிரலை மடக்கிச் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்பது கைப்பழக்கமாகிவிட்டது. அங்கே தட்டிய சுவரெல்லாம் கெட்டியாகப் பேசியது. அலமாரிகளைத் திறந்து மோந்து பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டு நிறம் பார்த்தாள். ஒரு குறை கிடைக்கவில்லை.

இப்போது அவர்கள் குடியிருக்கும் மாடியைச் சொந்தக்காரர் விற்கப்போகிறார், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். மகள் பிறந்ததிலிருந்து சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறியாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் மகள் சுவரில் கிறுக்கிவிடக்கூடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாகிவிட்டது. தாய் கேட்டதெல்லாம் மகள் பென்சிலால் கிறுக்கினால் யாரும் திட்டாத, சொந்தமான ஒரு சுவர். அதற்காகத்தான் இவ்வளவு அலைச்சலும்.

மகளை வீட்டில் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அதற்குள் தெருமுனைப் பூங்காவுக்கு ஓடியிருந்தாள். தாய் பின்னாலேயே போனபோது ஊஞ்சலில் மகள் வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் முட்டியின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வா, ஓடிப் பிடிச்சு விளையாடலாம்!" என்று வாலு குதித்தாள்.

"நீ போய் ஆடும்மா. எனக்கு முட்டி வலி," என்றாள் அந்தச் சிறுமி. பிறகு இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "அப்பப்பா..." என்று மெதுவாக எழுந்து, ஒவ்வோர் அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து போனாள்.

வாலுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காரில் வரும் வழியெல்லாம் "அப்பப்பா, அப்பப்பா" என்று நடித்துக்காட்டினாள். கணவனும் சிரித்தான். பெரியவர்கள் மடியிலேயே வளர்கிற பிள்ளைகள் அப்படித்தான் பேசும் என்று அவளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சில நாட்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம். ஊமைக் காலனிதான் என்று கணவன் ஒற்றைக்காலில் நின்றான். "ரயில் சத்தத்துல காலம் பூரா கத்திக் கத்திப் பேசணும். அந்தம்மா மாப்பிள்ளை கதைய வேற தினமும் கேக்கணும். தேவையா?" என்றான். வெதுவெதுப்பான தண்ணீர், முட்டி வலிக்கிற குழந்தை, தாகத்தோடு வெளியே நின்ற தரகர். இதையெல்லாம் காரணமென்று சொன்னால் யாராவது கேட்பார்களா? "எனக்கு மனசு ஒப்பல," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் அவன் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. மாடியைப் பார்க்க யாராவது வரலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கதவைத் திறந்தாள். கண்ணாடி அம்மாள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்க நெட்டையாக ஒரு கிழவர், அவளுடைய புருஷன்.

"தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவளுடைய வார்த்தை. அவள் வழக்கமாகக் கேட்கும்போது தலையைச் சாய்ப்பாளே, அதே சாய்ப்பு. கேட்டுவிட்டு அசடு வழிவாளே, அதே சிரிப்பு. இருந்தாலும் வாசலில் நின்று தண்ணீர் கேட்கிற வயதானவர்களை என்ன செய்ய முடியும்? உள்ளே போய் இரண்டு டம்ளரில் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குள் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேசைமேல் வைத்தார்கள்.

"மாடியைப் பாக்க வந்தீங்களா? சமையலறை இந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தாள்.

"வீட்டைப் பாக்க வரலம்மா," என்றாள் கண்ணாடி அம்மாள். அவள் சுவரையோ கூரையையோ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த வாலுவிடம் போய், முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தாள். குனிந்து தலைமயிரை மோந்தாள், அலமாரியை மோந்து பார்ப்பதுபோல. பிறகு நடுவிரலை மடக்கிக் குழந்தையின் முதுகில் தட்டினாள். டொக். காதை வைத்துக் கேட்டாள்.

"கெட்டியா இருக்குங்க," என்றாள் புருஷனிடம். "ஈரமே இல்ல. வெளிச்சமும் நல்லா வருது."

கிழவர் தலையாட்டினார். "மாடிப்படி ஏறுமா? ஓடுமா? ராத்திரி இருமாதே?" என்று தாயைப் பார்த்துக் கேட்டார். விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "நாங்களும் ரெண்டு மூணு பிள்ளைங்களப் பாத்துட்டோம்மா. ஒண்ணுக்கு இழுப்பு. இன்னொண்ணு எந்நேரமும் அழுகை. இதுதான் எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

அவள் பாய்ந்து போய் மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "என்ன பேசறீங்க? இவ என் பொண்ணு! எழுந்திரிங்க முதல்ல!"

"உன் பொண்ணுதாம்மா. யாரு இல்லன்னா?" கண்ணாடி அம்மாளின் குரலில் கோபமே இல்லை. "எங்க தெருவுக்கு வந்து எங்க தண்ணியக் குடிச்சீங்க. எல்லாச் சுவரையும் தட்டிப் பாத்தே. அலமாரியெல்லாம் மோந்து பாத்தே. நாங்க ஒரு வார்த்தை சொன்னோமா? குடி வரதுன்னா நாலு எடம் பாத்துத்தானே வரணும்?"

"வெளிய போங்க!"

போனார்கள். முகம்கூடச் சுளிக்கவில்லை. படியில் கிழவரின் கால்கள் தேய்ந்து தேய்ந்து இறங்கும் சத்தம், நடுவில் நின்று மூச்சு வாங்கும் சத்தம். "வலிக்குதா? பொறுத்துக்கங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்," என்று கண்ணாடி அம்மாள் ஆறுதல் சொல்வது கேட்டது. பிறகு அந்த இருமல். க்கும், க்கும்.

மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திரும்பினாள். மேசைமேல் டம்ளர்கள் இரண்டும் காலியாக இருந்தன. வாலு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தாகமா இருந்துச்சும்மா," என்றாள்.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. மகளின் கழுத்தில் கைவைத்துப் பார்த்தபடியே கிடந்தாள். பச்சைத் தண்ணீர். வீங்கத்தான் வேண்டும். எப்போதும் வீங்கும். காலையில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். தொண்டை ரோஜா நிறத்தில், ஒரு சிவப்பும் இல்லாமல், புத்தம் புதிதாக இருந்தது. எந்தத் தாயும் சந்தோஷப்படுவாள். அவள் டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நடந்ததையெல்லாம் சொன்னபோது கணவன் முதலில் சிரிக்கத்தான் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினான். "வயசானவங்க, மூளை கொஞ்சம் குழம்பியிருக்கும். பாவம். சரி விடு, நமக்கு அந்த வம்பே வேணாம். ரயில் காலனியே முடிச்சுடலாம். மாப்பிள்ளை கதை கேட்டுக் கேட்டு நான் செவிடாயிடறேன், போதுமா?" என்றான். அந்தக் கணம் அவன் மேல் அவளுக்கு வந்த அன்புக்கு அளவே இல்லை. ரயில் காலனி வீட்டைப் பேசி முடித்தார்கள். மகளின் அறைக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்று கடையிலிருந்து நிற அட்டைகளைக் கொண்டுவந்து தரையில் பரப்பினாள்.

"உனக்கு எந்தக் கலர்டி வேணும்? ஒரு சுவர் முழுக்க நீ கிறுக்கிக்கலாம். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வாலு அட்டைகளைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "எதுவா இருந்தா என்ன," என்றாள்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக. சாப்பாட்டைக் குழைத்துக் கேட்டாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். சாயங்காலம் ஆனால் உள்ளங்கைகள் தாமாகவே முட்டிக்குப் போயின. "வாலு அடங்கிடுச்சு போலிருக்கே," என்று கணவன் பெருமையாகச் சொன்னான். அவள் துணிகளை மூட்டை கட்டினாள், பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினாள். கைகள் வேலை செய்தன. கண்கள் மட்டும் ஜன்னலோர நாற்காலியை விட்டு நகரவில்லை.

அந்த வீட்டில் அது கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம். மகளைக் குளிப்பாட்டக் கூட்டிப் போனாள். பாதி சாமான் கட்டியாகிவிட்டதால் வீடு முழுக்க எதிரொலித்தது. வாளியிலிருந்து எழும்பிய ஆவியில் குளியலறை விளக்கு மங்கித் தெரிந்தது. சோப்பு வாசனை. அதற்கு அடியில், மெல்ல, வலித் தைலத்தின் காரம். அவள் சோப்பை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

குளிக்கும்போது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. மகள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து வருகிற விளையாட்டு. சோப்பு நுரைத்த முதுகில் அவள் நடுவிரலால் தட்டி, "வீட்ல யாரு?" என்பாள். வாலு குளியலறை இடிந்துவிழக் கத்துவாள்: "நான்தான்!"

எவ்வளவு நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. அதைக் கேட்டுவிட்டால் போதும். எல்லாம் சரியாகிவிடும்.

தட்டினாள். டொக், டொக். "வீட்ல யாரு?"

மகள் குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வாலு. அம்மா கேக்கறேன்ல? வீட்ல யாரு?"

சொட்டு. சொட்டு. குழாய் மட்டும்.

அவள் ஈர முதுகில் காதை வைத்தாள். அந்த அம்மாள் வைத்த அதே இடத்தில்.

இதயம் அடித்தது. நல்லவேளை. அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம், அதற்கும் பின்னால், வேறொன்று. எதையோ இழுக்கிற சத்தம். மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் கட்டிலை நகர்த்தினால் கீழே கேட்குமே, அப்படி. நின்றது. மறுபடி இழுத்தது.

தேய்ந்து தேய்ந்து நடக்கும் கால்கள்.

க்கும். க்கும்.

"அங்க வேணாங்க," என்றது ஒரு குரல், வெகு தூரத்திலிருந்து. "வெளிச்சம் வர்ற பக்கமா போடுங்க."

அவளால் காதை எடுக்க முடியவில்லை. கை தானாக எழுந்து இன்னொரு தடவை தட்டியது. டொக், டொக்.

"வீட்ல... யாரு?"

உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது.

பிறகு மிக ஆழத்தில், கடைசி அறையிலிருந்து வருவதுபோல், சின்னதாக, மூச்சு முட்ட: "நான்தான்! அம்மா, நான்தான்!"

ஒரு கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

மகளின் தலை மெதுவாகத் திரும்பியது. வாலுவின் கண், வாலுவின் மூக்கு, வாலுவின் ஈர உதடு. "தண்ணி ஆறுதும்மா, சீக்கிரம் ஊத்து," என்றது அந்த வாய். "முட்டி வலிக்குது."

அவள் நகரவில்லை. காது அந்த முதுகிலேயே ஒட்டிக்கிடந்தது. உள்ளே சாமான்களை மறுபடி நகர்த்தத் தொடங்கிவிட்டார்கள். அதற்கும் பின்னால், சாத்திய கதவை உள்ளிருந்து ஒரு சின்னக் கை தட்டிக்கொண்டே இருந்தது.